சிறப்புக் குழந்தைகளைத் தத்தெடுக்கும் துணிவு யாருக்கு வேண்டும்?



காரா எனப்படும் மத்திய தத்துவள ஆணையம் 2025-ஆம் ஆண்டில் மகிழ்ச்சியான ஒரு செய்தியை வெளியிட்டது. 2024-25 நிதியாண்டில் 4,515 குழந்தைகள் சட்டப்படி தத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 4,155 பேர் நம் நாட்டுக் குடும்பங்களுக்கே சென்றிருக்கிறார்கள். பல ஆண்டுகளில் இதுவே மிக அதிகமான எண்ணிக்கை. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் பெற்றோரையும், பிள்ளை இல்லாத பெற்றோர் பிள்ளைகளையும் கண்டடைவது இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய காரியம்.

ஆனால் இந்தச் செய்திக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்த விவரப்படி, நாடு முழுவதும் ஏறத்தாழ 28,500 பெற்றோர் தத்தெடுப்பதற்காக வரிசையில் காத்திருந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள். தத்துக் கொடுக்கச் சட்டப்படி தயாராயிருந்த குழந்தைகளோ 3,596 பேர்தான். அதாவது ஒரு குழந்தைக்கு எட்டுப் பெற்றோர். அப்படியானால் ஒரு குழந்தைகூட இல்லத்தில் மிச்சம் இருக்கக் கூடாது அல்லவா? இருந்தார்கள். அந்த 3,596 பேரில் 1,380 பேர் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவர்களைக் கடந்து போனார்கள். அரசின் இணையதளத்தில் 'உடனே தத்தெடுக்கலாம்' என்ற பட்டியலில் இடம்பெறுபவர்களில் இந்தக் குழந்தைகளும் உண்டு. மற்றக் குழந்தைகளுக்காகப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். இந்தக் குழந்தைகளோ பெற்றோருக்காகக் காத்திருக்கிறார்கள்.

யார் இந்தக் குழந்தைகள்? டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இவர்களில் உண்டு. பார்வையோ செவித்திறனோ குறைந்தவர்கள் உண்டு. உதடு பிளந்து பிறந்தவர்களும், இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவர்களும்கூட உண்டு. அறுவை சிகிச்சையால் சரியாகிவிடக்கூடிய குறைக்காகவே ஒரு குழந்தை ஒதுக்கப்படுவதும் நடக்கிறது. நம் நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போகும் குழந்தைகளில் கணிசமானோர் சிறப்புத் தேவையுள்ளவர்களும் வயதில் சற்று மூத்தவர்களுமே என்பது நாம் யோசிக்க வேண்டிய செய்தி. நம் மண்ணில் பிறந்த பிள்ளைக்கு நம் மண்ணில் ஒரு மடி கிடைக்காமல், கடல் கடந்து மடி தேட வேண்டியிருக்கிறது.

இக்குழந்தைகளைக் குறித்து நம் விசுவாசம் என்ன சொல்கிறது? குரங்கணி மலைச்சரிவிலும் போடியிலும் வாழும் நம்மைப் போன்ற சாதாரண மக்களிடம் அது என்ன கேட்கிறது? இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

காய் பொறுக்குவதும் பிள்ளை பொறுக்குவதும்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களில் நம் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவதை நாம் நன்கு அறிவோம். நல்ல பச்சை நிறமும் பருமனும் உள்ள காய் ஒரு குவியல். வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது வேறு குவியல். ஏலத்தில் விலை வைப்பவர்கள் தரத்தைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். சரக்குக்கு இது நியாயம். அந்தக் கண்ணோடு நாம் குழந்தையையும் பார்க்கத் தொடங்கும்போதுதான் பாவம் தொடங்குகிறது.

தத்தெடுக்க விரும்பும் பல குடும்பங்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும், எந்த நோயும் இருக்கக் கூடாது, கொஞ்சம் நிறமாக இருந்தால் நல்லது, எங்கள் ஜாடை இருந்தால் இன்னும் நல்லது. இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையில்லாத வேதனையையும், 'மலடி' என்ற சுடுசொல்லையும் ஆண்டுக்கணக்கில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணீரை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. தத்தெடுப்பது யாருக்காக?

நம் பழைய வழக்கத்தில் தத்து என்பது வாரிசுக்காக எடுப்பது. சொத்தைக் காக்கவும், பெயர் சொல்லவும், கடைசியில் கொள்ளி வைக்கவும் ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்று அண்ணன் தம்பி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கேட்டு வாங்கிக் கொள்வார்கள். அந்த வழக்கத்தில் வீட்டின் தேவை முதலில் நின்றது. பிள்ளையின் தேவை பின்னால் நின்றது. கிறிஸ்தவத் தத்தெடுப்பு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளை தேவை என்பதைவிட, பிள்ளைக்கு ஒரு வீடு தேவை என்பதே அங்கு முதலில் நிற்கிறது.

நம் மண்ணின் பழைய காயம்

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1980-களின் நடுவில் அந்த ஊரின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது எதற்காக என்பதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெண்ணாய்ப் பிறந்த ஒரே குற்றத்துக்காகச் சிசுக்கள் கொல்லப்பட்ட செய்தி அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க முடியாதவர்கள் கொல்ல வேண்டாம், அரசின் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம் என்பதே அதன் கருத்து. 2001-இல் அத்திட்டம் மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களோடு நம் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. தொட்டிலில் வந்த பிள்ளைகள் பலர் தத்துக் கொடுக்கப்பட்டு இன்று வாலிப வயதை எட்டியிருக்கிறார்கள்.

அன்று 'பெண்' என்பதற்காக ஒரு குழந்தை வேண்டாததாயிற்று. இன்று 'குறை' என்பதற்காக ஒரு குழந்தை வேண்டாததாகிறது. காரணம் மாறியிருக்கிறது, தரம் பிரிக்கும் கை மாறவில்லை. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் இதற்குச் சான்று. குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கும் அச்சட்டம், கருவில் பெரிய குறைபாடு உண்டு என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டால் வார வரம்பையே நீக்கிவிடுகிறது. நலமுள்ள கருவுக்கு ஓர் எல்லை. குறையுள்ள கருவுக்கு எல்லையே இல்லை. ஒரு சமுதாயம் யாரைத் தன் பிள்ளையாக எண்ணுகிறது, யாரை எண்ணவில்லை என்பது இதில் தெரிகிறது.

திருச்சபை இதை எதிர்க்கிறது. எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நம் எதிர்ப்பு மறையுரையோடும் சுவரொட்டியோடும் நின்றுவிட்டால் அது பாதி உண்மைதான். "சரி சாமி, இந்தக் குழந்தையைப் பெற்றுவிடுகிறோம், யார் வளர்ப்பது?" என்று ஓர் ஏழைத் தாய் கேட்டால் நம்மிடம் என்ன பதில் உண்டு? 1979-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது புனித அன்னை தெரேசா இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னார். கருக்கலைப்பைத் தாங்கள் தத்துக் கொடுப்பதன் மூலம் எதிர்ப்பதாக உலகத்தின் முன் அறிவித்தார். மருத்துவமனைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும், 'குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பியவர் அவர். 1955-இல் கொல்கத்தாவில் அவர் தொடங்கிய சிசு பவனுக்கு வந்த குழந்தைகளில் ஊனமுற்றோரும் நோயுற்றோரும் இருந்தார்கள்.

அரசரின் பந்தியில் கால் ஊனமுற்ற பிள்ளை

திருவிவிலியத்தில் தத்துப் பிள்ளைகள் பலர் உண்டு. நாணல் கூடையில் மிதந்த மோசேயை எடுத்து வளர்த்தவர் பார்வோனின் மகள். தாய் தந்தையற்ற எஸ்தரைத் தன் மகளாக வளர்த்தவர் மொர்தக்காய். ஆனால் நாம் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மெபிபொசேத்து (2 சாமு 4:4, 9:1-13).

இவர் யோனத்தானின் மகன், சவுல் அரசரின் பேரன். ஐந்து வயதில், போரில் தந்தையும் தாத்தாவும் இறந்த செய்தி வந்த அன்று, வளர்ப்புத் தாய் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாயின. அரசப் பிள்ளையாயிருந்தவர் ஒரே நாளில் தந்தையையும், வீட்டையும், நடையையும் இழந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் தாவீது இவரைத் தேடிக் கண்டுபிடித்து, தன் பிள்ளைகளில் ஒருவரைப் போலத் தன் பந்தியில் எந்நாளும் உணவருந்தச் செய்தார். இவருடைய கால்கள் குணமாயின என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்த நிகழ்ச்சியின் கடைசி வரியிலும் இவர் கால் ஊனமுற்றவராகவே இருக்கிறார். குணமான பிறகு பந்தியில் இடம் கொடுக்கப்படவில்லை; இருந்தபடியே இடம் கொடுக்கப்பட்டது.

இதில் இன்னொரு மனிதரும் உண்டு. தாவீது தேடி வரும்வரை மெபிபொசேத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து வைத்திருந்தவர் மாக்கிர் என்பவர். வீழ்ந்துபோன அரச குடும்பத்தின் ஊனமுற்ற வாரிசை வைத்திருப்பதால் அவருக்கு இலாபம் எதுவும் இல்லை, ஆபத்துதான் உண்டு. பிற்பாடு, சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது அரசரே பாலைவனத்துக்கு ஓடியபோது, படுக்கையும் பாத்திரமும் உணவும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் இதே மாக்கிரும் ஒருவர் (2 சாமு 17:27-29). ஊனமுற்ற பிள்ளைக்குத் திறந்த வீடு, ஓடிவந்த அரசருக்கும் திறந்தது. யாரும் வேண்டாம் என்பவரை ஏற்றுக்கொள்ளப் பழகிய இல்லம் வேறு எவரையும் ஏற்றுக்கொள்ளும்.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள் (யோவா 9:1-3). இன்றும் நம் ஊர்களில் ஒரு சிறப்புக் குழந்தையின் தாயிடம் இதே கேள்வி கேட்கப்படுகிறது. ஆண்டவர் அந்தக் கேள்வியையே மறுத்துவிட்டார். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை. கடவுளின் செயல் அங்கே வெளிப்பட வேண்டும் என்றார். அச்செயல் ஒருவேளை நம் கைகளின் வழியாகத்தான் வெளிப்பட வேண்டுமோ?

திருத்தூதர் பவுல் நம் மீட்பைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட சொற்களில் முக்கியமான ஒன்று தத்தெடுத்தல் (உரோ 8:15, கலா 4:5, எபே 1:5). நாம் கடவுளின் பிள்ளைகளானது பிறப்பால் அல்ல, அவருடைய தேர்வால். நம்மைத் தேர்ந்தெடுத்தபோது நம்மிடம் எந்தத் தரச் சான்றிதழ் இருந்தது? ஒவ்வொரு திருமுழுக்கும் ஒரு தத்தெடுப்பே. புனித யோசேப்பின் வாழ்வும் இதுவே. தன் இரத்தத்தில் பிறக்காத பிள்ளைக்குப் பெயரிட்டு, தொழில் கற்றுக் கொடுத்து, அந்தப் பிள்ளைக்காக எகிப்துவரை ஓடினார்.

திருச்சபையின் போதனையும் இதே வழியில்தான் செல்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுப்பதைக் குடும்பங்களின் திருத்தூதுப் பணிகளில் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் குறிப்பிட்டது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' மடலில், ஊனத்தாலோ நோயாலோ பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுக்கும் குடும்பங்களுக்குத் திருச்சபையின் நன்றியைத் தெரிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஜனவரியில் புனித யோசேப்பைப் பற்றிய மறைக்கல்வி உரையில், தத்தெடுத்தலை அன்பின் மிக உயர்ந்த வடிவங்களில் ஒன்றாகப் போற்றினார்.

சட்டம் திறந்து வைத்த கதவு

கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தத்தெடுக்கும் உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1956-இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தவில்லை. நம் பெற்றோர் தலைமுறையில் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் ஆதரவற்ற குழந்தையை எடுத்து வளர்த்தால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி அவர்கள் வெறும் காப்பாளர்கள்தான், பெற்றோர் அல்லர். பிள்ளை வயது வந்ததும் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். சொத்துரிமையும் கிடையாது. கிறிஸ்தவர்களின் தத்தெடுப்பு செல்லும் என்று 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-இல் அதில் வந்த திருத்தமும் எல்லா மதத்தவருக்கும் வழி திறந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தத்துப் பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளைக்குச் சமம்.

நம் திருச்சபைச் சட்டமும் அப்படியே சொல்கிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளே (எண் 110). திருமுழுக்குப் பதிவேட்டிலும் தத்தெடுத்த பெற்றோரின் பெயர் எழுதப்படும் (எண் 877). ஆகவே 'பெயருக்குத்தான் பிள்ளை' என்று யாரும் ஒதுக்கிப் பேச இடமில்லை.

இன்னொன்றையும் நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள தம்பதியர், உறவினர் பிள்ளை போன்ற சில நிலைகள் தவிர, பொதுவாகத் தத்தெடுக்க முடியாது. ஆனால் சிறப்புத் தேவையுள்ள குழந்தையையும், எளிதில் பெற்றோர் கிடைக்காத குழந்தையையும் எடுக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டின் விதிமுறை அனுமதிக்கிறது. 'எங்களுக்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்களே' என்று நாம் சொல்லும் அதே இடத்தில் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

வழிமுறை இதுதான். கணவனும் மனைவியும் முழுமனத்தோடு சம்மதிக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு இருக்க வேண்டும். அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார். தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் குழந்தையின் நலன் கண்காணிக்கப்படும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இதில் வழிகாட்டும். மருத்துவமனை வாசலிலோ தரகர் மூலமாகவோ குழந்தையை வாங்குவது குற்றம். 2019-இல் இராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனைக் கொடுமையை நாம் மறக்கக் கூடாது. எங்கேனும் ஒரு குழந்தை கைவிடப்பட்டிருப்பதைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஓர் எடுத்துக்காட்டு

இந்தோரைச் சேர்ந்த ஆதித்ய திவாரி என்ற இளைஞரை நாட்டின் பத்திரிகைகள் அறியும். மணமாகாத அந்தக் கணினிப் பொறியாளர், தம் ஊரின் இல்லம் ஒன்றில் டவுன் சின்ட்ரோமும் இதயத்தில் ஓட்டையும் உள்ள ஓர் ஆண் குழந்தையைக் கண்டார். தனி ஆள் தத்தெடுக்க அப்போது முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 2015-இல் அந்த வயது வரம்பு 25 ஆகக் குறைந்தது. 2016 ஜனவரி 1 அன்று, புத்தாண்டு நாளில், குழந்தை அவருடைய மகனாக வீடு சென்றான்.

அதே 2015-ஆம் ஆண்டில், தனியாக வாழ்வோருக்கும் மணமுறிவு பெற்றோருக்கும் குழந்தைகளைக் கொடுக்கச் சொல்லும் புதிய விதிகள் தங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை என்று கூறி, அன்னை தெரேசாவின் சகோதரிகள் தங்கள் தத்து மையங்களின் பணியை நிறுத்திக்கொண்டார்கள். குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்ற அவர்களுடைய நிலைப்பாடு நம் நிலைப்பாடே. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த நிலைப்பாடு நமக்குக் கொடுக்கும் கடமையையும் நாம் பார்க்க வேண்டும். தாயும் தந்தையும் உள்ள குடும்பமே ஒரு குழந்தைக்குச் சிறந்தது என்று நம்பும் நாம், தாயும் தந்தையுமாகத் திருமண அருளடையாளம் பெற்று வாழும் நம் குடும்பங்களை அந்தக் குழந்தைகளுக்காகத் திறக்க வேண்டும் அல்லவா? நாம் திறக்காத கதவை ஓர் இளைஞர் தனியாளாகத் திறந்தார் என்றால், அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை; அவரிடம் கற்றுக்கொள்ளும் தேவைதான் உண்டு.

இரக்கம் மட்டும் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு மறையுரையைக் கேட்டோ, ஒரு கட்டுரையைப் படித்தோ மனம் உருகி, மறுநாளே பதிவு செய்துவிடக் கூடாது. 2017 முதல் 2019 வரையிலான காலத்தில் தத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 6,650 குழந்தைகளில் 278 பேர் இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சிறப்புத் தேவையுள்ள குழந்தை. ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை இரண்டாம் முறையும் கைவிடப்படுவதை எண்ணிப் பாருங்கள். இரக்கம் நம்மை வாசல்வரை கொண்டுபோய்விடும். உள்ளே வாழ்வதற்கு வேறொன்று வேண்டும். அதுதான் விசுவாசத்தில் ஊன்றிய துணிவு.

இந்தத் துணிவுக்கு அறிவும் வேண்டும். குழந்தையின் நிலை என்ன, மருத்துவர் என்ன சொல்கிறார், பத்து வயதில் எப்படி இருக்கும், இருபது வயதில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபுரம் கட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (லூக் 14:28). வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளிடமும், தாத்தா பாட்டியிடமும் பேச வேண்டும். 'எங்களால் முடியாது' என்று நேர்மையாக முடிவு செய்யும் தம்பதியர் பாவம் செய்யவில்லை. எல்லாருக்கும் இந்த அழைப்பு இல்லை.

ஆனால் அழைப்புப் பெற்ற தம்பதியரையும் தடுத்து நிறுத்துவது எது? பல வேளைகளில் குழந்தையின் ஊனம் அல்ல. 'ஊர் என்ன சொல்லும்?', 'மருத்துவத்துக்கு யார் கூட வருவார்கள்?', 'எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்ற மூன்று பயங்கள்தான். இந்த மூன்றுக்கும் அந்தத் தம்பதியர் மட்டும் பதில் சொல்ல முடியாது. நாம் எல்லாரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். ஆகவே, தத்தெடுக்கும் துணிவு யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான்: தம்பதியருக்கு வேண்டும், அதே அளவு பங்குச் சமூகத்துக்கும் வேண்டும்.

நால்வர் தூக்கிய கட்டில்

முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்தார்கள். கூட்டத்தால் வாசல் வழியே நுழைய முடியாததால், கூரையைப் பிரித்துக் கட்டிலை உள்ளே இறக்கினார்கள் (மாற் 2:1-12). ஆண்டவர் படுத்திருந்தவரின் விசுவாசத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் எல்லாருடைய விசுவாசத்தையும் பார்த்தார் என்று நற்செய்தி சொல்கிறது.

குரங்கணி மக்களுக்கு இந்த நற்செய்திப் பகுதியை விளக்க வேண்டியதில்லை. சாலை ஏறாத மலைக் குடியிருப்புகளில் நோயாளியையும் நிறைமாதக் கர்ப்பிணியையும் கம்பில் துணி கட்டி டோலியாகத் தூக்கி இறக்கும் மக்கள் நம் மக்கள். ஒருவர் தோள் வலித்தால் அடுத்தவர் தோள் கொடுப்பார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீப்பிடித்து, மலையேற வந்த இளைஞர்களும் பெண்களும் சிக்கிக்கொண்டபோது, இருட்டில் மேலே ஏறிப் போய், வெந்த உடல்களைப் போர்வையில் ஏந்திக் கீழே கொண்டுவந்தவர்களில் நம் ஊர் மக்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தக் கொடிய நேரத்தில், இவர்கள் யார் பெற்ற பிள்ளைகள், எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணித் தூக்கும் துணிவு இந்த மலைக்குப் புதிதல்ல. ஓர் இரவு காட்டிய அந்தத் துணிவை ஓர் ஆயுள்காலத்துக்கு நீட்டுவதுதான் நம்மிடம் கேட்கப்படுகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலாவது, 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயத்தை ஊரே போக்க வேண்டும். ஒரு சிறப்புக் குழந்தை திருப்பலியில் சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகுவோம். அந்தத் தாயைக் கடைசி வரிசையிலிருந்து நடுவே அழைத்து வருவோம். மறைக்கல்வி வகுப்பிலும் முதல் திருவிருந்துத் தயாரிப்பிலும் அக்குழந்தைக்கு ஏற்றபடி ஓர் இடம் கொடுப்போம். நம் பங்குகளில் இந்தக் குழந்தைகளைப் பெற்றெடுத்து, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் பெற்றோர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களை நாம் நடத்தும் விதத்தைப் பார்த்துத்தான் தத்தெடுக்க நினைப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, தோள் கொடுக்க வேண்டும். குரங்கணியிலிருந்து கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் தாய், வாரந்தோறும் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப் போனால் அன்றைய கூலி போய்விடும். அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், மாதத்தில் ஆளுக்கு ஒரு நாள் துணைக்குப் போகலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வண்டிச் செலவை ஏற்கலாம். அரசு தரும் உதவிகளையும் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். அடையாள அட்டை, கடுமையான குறைபாடுள்ளோருக்குத் தமிழக அரசு மாதந்தோறும் தரும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உள்ளோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தரும் 'நிராமயா' காப்பீடு ஆகியவை உண்டு. படித்த நம் இளைஞர்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் இறைப்பணிதான்.

மூன்றாவது, 'எங்களுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி. இதுவே பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, இத்தகைய பிள்ளைகள் 18 வயதைக் கடந்த பிறகும் அவர்களுக்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க முடியும். ஆனால் காகிதத்தில் கையெழுத்திட ஒரு மனிதர் வேண்டுமே! திருமுழுக்கில் ஞானப் பெற்றோராக நிற்பவர்கள் வெறும் சடங்குக்காக நிற்காமல், இந்தப் பொறுப்பையும் எண்ணிப் பார்த்து நின்றால் எவ்வளவு பெரிய ஆறுதல்!

அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்து நடுவில் நிறுத்தி, தம் பெயரால் இத்தகைய பிள்ளையை ஏற்பவர் தம்மையே ஏற்பதாகச் சொன்னார் (மாற் 9:36-37). அந்தப் பிள்ளை அழகாயிருந்ததா, நலமாயிருந்ததா, யார் பெற்ற பிள்ளை என்று நற்செய்தி சொல்லவில்லை. நடுவில் நிறுத்தினார் என்பதைச் சொல்கிறது.

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் அன்பியங்கள் கூடும்போது இந்த ஒரு கேள்வியைப் பேசிப் பார்ப்போம்: நம்மிடையே ஒரு தம்பதியர் இப்படி ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால், கட்டிலின் நான்கு முனைகளைப் பிடிக்கப் போகும் நால்வர் யார் யார்? பெயர்களைச் சொல்லி எழுதி வைப்போம். அந்தப் பட்டியல் தயாராயிருப்பதைக் கண்டால், தயங்கி நிற்கும் ஏதோ ஒரு வீட்டின் கதவு திறக்கும்.

திருக்குடும்பத்தின் காவலரான புனித யோசேப்பு நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.